சோன் பரி போன செப்டம்பர்

வியாசர்பாடியிலிருந்து:

2003 செப்டம்பர் 1 சென்னைப் பிள்ளைகள் பலருக்கு நினைவிருக்கும். கட்டணச் சேனல்களுக்கு செட்-டாப் பாக்ஸ் வேண்டும் என்ற விதி அன்றைக்கு நம் ஊரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டினால் இலவசச் சேனல்கள் மட்டும் வந்தன. மற்றவை வேண்டுமென்றால் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் கிரிக்கெட் போயிற்றே என்று புலம்பினார்கள். எனக்குப் போனது ஸ்டார் பிளஸ்ஸில் வந்துகொண்டிருந்த சோன் பரி என்ற இந்தித் தொடர்.

தாயை இழந்த ஃப்ரூட்டி என்ற சிறுமியின் கதை அது. மந்திரப் பந்தை எடுத்து அவள் அழைத்தால் பொன்னிற உடையில் ஒரு தேவதை வந்து நிற்பாள். கூடவே அல்டு என்ற துணைவன். தேவதையாக நடித்தவர் மராத்தி நடிகை மிருணாள் குல்கர்னி. எனக்கு இந்தி தெரியாது. ‘சோனா ஆன்ட்டி’ என்று ஃப்ரூட்டி கூப்பிடுவது மட்டும் புரியும். அது போதுமானதாக இருந்தது.

என் அம்மா செவிலியர். அவருக்கு இரவுப் பணி வரும் வாரங்களில் நானும் தம்பியும் ஆயாவோடு படுத்துக்கொள்வோம். ஆயாவுக்கு எல்லாப் பயத்துக்கும் பாடிகார்டு முனீஸ்வரர்தான் துணை. பல்லவன் சாலைக் கோயிலில் புது வண்டிகளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கை இன்றும் குறையவில்லை. ஆனால் முனீஸ்வரரை நாம்தான் தேடிப் போக வேண்டும், வேண்டிக்கொண்டதைச் செலுத்த வேண்டும். சோன் பரி எதையும் கேட்கவில்லை. ஒரு குழந்தை கூப்பிட்டதும், இருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வளர்ந்த பெண் ஒருத்தி வருகிறாள். 12 வயதில் எனக்கு அதைவிடப் பெரிய மாயம் எதுவும் இல்லை. தோன்றுவதும் மறைவதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆண்டு சன் டிவியில் மை டியர் பூதம் வந்தது. தம்பிக்கு அதில் வரும் பூதமான மூசாவை மிகவும் பிடித்துப்போனது. எனக்கு மனம் ஒட்டவில்லை. மூசாவே சிறுவன், அவனையே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும்.

அந்த நாட்களில் பெட்டி இருந்த வீடுகளில் யாரேனும் தொடரைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

சாந்தோமிலிருந்து:

சகோதரி, நான் பார்த்தது ‘டச்டு பை அன் ஏஞ்சல்’. 1994 முதல் 2003 வரை அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் வந்தது. வெளிநாட்டிலிருந்த சித்தி குறுந்தகடுகள் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் காவல் தூதரிடம் செபிக்காமல் படுப்பதில்லை. அக்டோபர் 2 அவர்களின் திருநாள், பள்ளி விடுமுறை என்றாலும் காலைப் பூசை தவறாது. படங்களில் கண்ட தூதருக்குச் சிறகு உண்டு. இந்தத் தொடரில் தூதராக வரும் மோனிகாவோ நம்மைப்போல உடுத்திக்கொண்டு ஆசையாகக் காபி குடிப்பாள். தாத்தா இறந்த ஆண்டு, மரணத்தின் தூதனாக வரும் ஆண்ட்ரூவைப் பார்த்தேன். ஜான் டை நடித்த பாத்திரம். அத்தனை கனிவான முகம்! தாத்தாவை அழைத்துப்போக வந்தவரும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுக்கவில்லை.

சௌகார்பேட்டையிலிருந்து:

அக்கா, பெட்டி எங்கள் வீட்டில் இல்லை, மாடி வீட்டில் இருந்தது. மின்ட் தெருவை ஒட்டிய எங்கள் சந்தில் ராஜஸ்தான் குடும்பங்கள் அதிகம். இந்திச் சேனல் இல்லாமல் அவர்களுக்கு முடியாது. அந்த வீட்டுப் பாட்டியை நாங்களும் ‘தாதி’ (இந்தியில் பாட்டி) என்றே அழைப்போம். சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தரையில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். கெட்ட தேவதையான காலி பரி வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். சின்னவர்களை மடிக்கு இழுத்துக்கொண்டு, ‘ஒன்றும் ஆகாது, பார்’ என்பார். 2004இல் தொடர் முடியும்வரை அங்கேதான் பார்த்தேன். அக்கா அப்போது எங்கள் சந்தில் இருந்திருந்தால் உங்களையும் கூப்பிட்டிருப்பார்.

வியாசர்பாடியிலிருந்து:

சௌகார்பேட்டைத் தம்பி, செப்டம்பருக்குப் பிறகு தாதி சொன்ன கதையை நினைவிருக்கும் வரை எழுதுங்கள். காலி பரியிலிருந்தே தொடங்குங்கள்.