லினக்ஸ் கர்னல் காட்டின கேஷ் (பிராசஸருக்குள்ள இருக்கற வேகமான சின்ன மெமரி) சைஸ நம்பி மாட்டிக்கிட்டவங்க அனுபவத்த எழுதுங்க

பழையபெட்டி:
2.4 கர்னல் காலம். செகண்ட் ஹேண்ட் கடைல பென்டியம் 3 டுவாலட்டின் பிராசஸர் ஒண்ணு வாங்கினேன், 512 கேபி எல்2 (ரெண்டாவது லெவல் கேஷ்)ன்னு சொல்லி கடைக்காரர் கொஞ்சம் கூடவே வாங்கினார், வீட்ல வந்து பூட் பண்ணா லாக்ல 256ன்னு வருது. சிப்ப கழட்டி எடுத்துட்டு நேரா கடைக்குப் போய் நாலு பேர் முன்னாடி ஏமாத்திட்டீங்கன்னு கத்திட்டேன். அவர் எதுவும் பேசல, சிப்பு மேல பொறிச்சிருந்த 512ங்கற நம்பர விரலால தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். ரொம்ப நாள் கழிச்சு கர்னல் சோர்ஸ்ல ஒரு கமெண்ட் பாத்தேன். டுவாலட்டின்ல ரெண்டு வகை இருக்கு, எதுன்னு கண்டுபிடிக்க வழியில்ல, அதனால 256ன்னு வச்சுக்கறோம், 512 வச்சிருக்கவங்க பூட் ஆப்ஷன்ல சொல்லுங்கன்னு போட்டிருக்கு. திரும்பப் போனப்ப கடையே இல்ல. அந்த விரல் இன்னும் கண்ணுலயே நிக்குது.

சொந்தகர்னல்:
பிராசஸர்கிட்டயே விவரம் கேக்கற சிபியூஐடி இன்ஸ்ட்ரக்ஷன்ல, கேஷ் விவரம் தர்ற லீஃப் 4 (நாலாம் பக்கம் மாதிரி) படிச்சா இந்தத் தொல்லையே இல்லண்ணா. நான் சொந்தமா கர்னல் எழுதறப்ப அதான் பண்ணேன், ஆனா எல்லா கேஷும் 0 கேபின்னு வந்துச்சு, ரெண்டு ராத்திரி தூங்கல. சைஸ் வேணும்னா கேஷ எப்படிப் பிரிச்சிருக்குன்னு சொல்ற வே, பார்ட்டிஷன், லைன், செட் நாலையும் பெருக்கணும், நாலுமே ஒண்ணு கம்மியாத்தான் ரெஜிஸ்டர்ல இருக்கும். மூணுக்கு ஒண்ணு கூட்டிட்டு பார்ட்டிஷன விட்டுட்டேன், அதுல 0 இருந்துச்சு, பெருக்கினா வேற என்ன வரும். சரி பண்ணதும் 8 × 1 × 64 × 64, அதாவது 32 கேபின்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு பாருங்க, கத்தி வீட்ல எல்லாரையும் எழுப்பிட்டேன்.

லூப்டைலிங்:
தம்பி, பென்டியம் 3ல லீஃப் 4 ஏது? அதுல லீஃப் 2தான், அது தர்ற ஒவ்வொரு பைட்டுக்கும் என்ன அர்த்தம்னு டேபிள் வச்சுப் பாக்கணும், டேபிள்ல அந்த பைட் இல்லன்னா சைஸ் 0தான். அண்ணன் மேல தப்பில்ல.
என் கதை சின்னது. ரைசன் 5600எக்ஸ்ல ப்ராக் சிபியூஇன்ஃபோவ (கர்னல் பிராசஸர் விவரம் காட்டற ஃபைல்) படிச்சு, மேட்ரிக்ஸ கேஷுக்குள்ள அடங்கற துண்டா வெட்டற பிளாக் சைஸ் போட்டேன், அதுல கேஷ் சைஸ் 512 கேபின்னு இருந்துச்சு. இன்டெல்ல அந்த வரி எல்3ய காட்டும், ஏஎம்டில எல்2வ காட்டும்னு தெரியாம, 32 எம்பி எல்3ய தொடாமலே மூணு மாசம் ஓட்டியிருக்கேன். சிஸ்எஃப்எஸ்ல (கர்னல் ஒவ்வொரு கேஷையும் தனித்தனியா காட்டற இடம்) இண்டெக்ஸ்3 கீழ பாத்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது.

ஆர்ம்போர்டு:
எனக்கு எல்எஸ்சிபியூ கமாண்ட்ல கேஷ் வரியே வரல, ஆர்ம் கார்டெக்ஸ் ஏ72 போர்டு, அவ்வளவுதான் கதை. ஆனா யாராவது ரெஜிஸ்டர படிச்சுக்கலாம்னு கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஆர்ம் 64ல சிசிஎஸ்ஐடிஆர்ங்கற கேஷ் விவர ரெஜிஸ்டர்ல இருக்கற செட், வே கணக்கு கேஷ சுத்தம் பண்றதுக்கு மட்டும்தான், நிஜ சைஸுன்னு எடுக்காதீங்கன்னு ஆர்ம் மேனுவல்லயே இருக்கு, அதனாலதான் 2017ல கர்னல்லேர்ந்து அந்தக் கோட எடுத்தாங்க. இப்ப போர்டுல என்னென்ன இருக்குன்னு கர்னலுக்குச் சொல்ற டிவைஸ் ட்ரீ ஃபைல், இல்லன்னா ஃபர்ம்வேர் தர்ற ஏசிபிஐ பிபிடிடி டேபிள், இது ரெண்டுதான் வழி. போர்டுக்காரங்க டிவைஸ் ட்ரீல எழுதலன்னா நீங்களே எழுதுங்க, ஏ72க்கு டேட்டா 32 கேபி, இன்ஸ்ட்ரக்ஷன் 48 கேபி, ரெண்டுக்கும் லைன் 64 பைட், செட் 256. எல்2 ஒவ்வொரு சிப்புக்கும் மாறும், டேட்டாஷீட் பாத்துப் போடுங்க, அடுத்த லெவல் கேஷ் எதுன்னு காட்டற வரிய மறந்துடாதீங்க.

பழையபெட்டி:
@சொந்தகர்னல் தம்பி, லீஃப் 4 இருந்திருந்தா அவர்கிட்ட அப்படி கத்தியிருக்கவே மாட்டேன்பா.