கோபம் தலைக்கேறும் நேரத்தில் உங்கள் மேலதிகாரி என்ன செய்தார்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்:
எங்கள் யூனிட்டில் பெரிய தலைவலி ஷேடு கலப்பு. ஒரே கலர்தான், ஆனால் சாயம் போடும் டையிங்கில் லாட் மாறினால் ஒரு துளி ஏறும், இறங்கும். கட்டிங்கில் வெட்டிய துண்டுகளின் பண்டில் நம்பர் தவறினால் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. தைக்கும்போதே டெய்லர் கண்ணில் படும். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் "யார் கலந்தது?" என்று விசாரணை, மெஷின் நிற்கும், தைக்கும் பீஸ் கணக்குக்குத்தான் கூலி என்பதால் அதுவும் போகும். அதனால் சரக்கு இஸ்திரி முடிந்து பேக்கிங் போன பிறகுதான் மாட்டும்.

புதிதாக ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ் அம்மா வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஷேடு கலந்தது. ஷிப்மெண்ட் நெருக்கடி, முதலாளி ஃபோனில் கத்திக்கொண்டிருக்கிறார். அந்தம்மா லைனுக்கு வந்து, "இதை முதல்ல பாத்தது யாரு கண்ணு?" என்றார். பவர் டேபிள் தையல் மெஷினில் இருந்த ஒரு பெண் பயந்துகொண்டே கை தூக்கினாள். "நல்லா கவனிச்சிருக்க. மெஷின் நிக்கிற நேரத்துக்குக் கூலி நான் எழுதிக்கிறேன்." கட்டிங் மாஸ்டரைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

அதோடு ஷேடு பிரச்சினை ஒழிந்துவிடவில்லை. சீக்கிரம் தெரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான். தைத்ததைப் பிரிப்பதற்கும் தைக்கும் முன் பண்டிலை மாற்றுவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லோரும் அவர் பேச்சைப் புகழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், பேச்சை விடக் கூலி எழுதியதுதான் பெரிது.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், மதுரை:
அண்ணா, இந்தப் பயம் எங்களிடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பல இடங்களில் வெறும் டிக்தான். நான் வேலை பார்த்த ஒரு சர்ஜன் நிஜமாகவே கேட்பார், புதிதாகச் சேர்ந்த பிள்ளை வரைக்கும்.

ஒருநாள் நீளமான கேஸ். மூடப் போகும்போது, ரத்தம் ஒற்றும் மாப் துணிகளை எண்ணிய ஜூனியர் சிஸ்டர், "சார், மாப் கவுண்ட் டேலி ஆகல" என்றாள். மாஸ்க்குக்கு மேல் அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "எனக்கு எரிச்சலா இருக்கும்மா, காலைலருந்து நிக்கிறேன். ஆனா நீ திரும்ப எண்ணு, நான் உள்ள பாக்குறேன்." மாப் வயிற்றுக்குள்தான் இருந்தது. எரிச்சலை மறைக்கவும் இல்லை, அந்தப் பெண் மேல் கொட்டவும் இல்லை. சிரித்த முகமாகவே இருப்பவர்தான் நல்ல தலைவர் என்று நினைத்திருந்தேன், அது போய்விட்டது.

ஐடி தம்பி, சென்னை:
எங்கள் ஆபீஸில் கோபப்படாமல் பேசுவதற்கென்றே ஒருநாள் டிரெயினிங் நடந்தது. அடுத்த வாரம் எங்கள் மேனேஜர், "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்து சனிக்கிழமை வரச் சொன்னார். கத்தினாலாவது திருப்பிக் கேட்கலாம். இப்படிக் கனிவாகச் சொன்னால் என்ன செய்வது?

பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்:
தம்பி, அந்த சனிக்கிழமைக்கு காம்ப் ஆஃப், அதாவது பதில் லீவு, வேணும்னு மெயில்ல கேளுங்க. என்ன பதில் போட்டார்னு இங்கயே வந்து சொல்லுங்க.