'மனிதக் குரங்கு' வேண்டாம், 'வாலிலி' என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

காரைக்குடியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, ஒராங்குட்டான் இந்த நாலும் எப்படி வாழ்கின்றன, ஏன் அழிகின்றன, காப்பாற்ற யார் என்ன செய்கிறார்கள் என்று தமிழில் சொல்லும் தொடர். இரண்டு பகுதி பதிவாகிவிட்டது. மூன்றாவதில் நிற்கிறோம், காரணம் ஒரே ஒரு சொல். இந்த நாலுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் 'கிரேட் ஏப்ஸ்' என்கிறார்கள், 'மங்கி' வேறு, வால் இல்லாத 'ஏப்' வேறு என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். நமக்கு இரண்டும் குரங்குதான். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுவில் பலர் யோசனை எழுதியிருந்தீர்கள், அவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதல் பகுதியில் 'மனிதக் குரங்கு' என்றே சொல்லியிருந்தோம். அதை எதிர்வீட்டு ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாக முழுக்கக் கேட்டுவிட்டு, "கொரங்குக்காகவாப்பா இம்புட்டு வருத்தப்படுறீங்க? அழகர்கோயில்ல கையில இருக்குற பழத்தைப் புடுங்கிட்டுப் போகுது, அது கொறைஞ்சா நல்லதுதானே" என்றார்.

அவர் மேல் தவறே இல்லை. குரங்கு என்று காதில் விழுந்ததும் கோயில் படியில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குதான் மனதில் வரும். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மலைக் கொரில்லாவைப் பற்றி. பல வருடம் காவல் காத்து மெல்லக் கூடிய பிறகும் கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கை 1,063தான். சுமத்ராவில் 2017இல் தனி இனம் என்று அறிவித்த தபனூலி ஒராங்குட்டான் 800கூட இல்லை, எங்கள் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காருகிறவர்கள் அதைவிட அதிகம். ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் ஏழெட்டு வருடம் இடைவெளி விடுகிறது, அதனால் ஒரு தாயைச் சுட்டுவிட்டால் அந்தக் காடு அதை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும். இவ்வளவையும் அந்தப் பகுதியில் சொல்லித்தான் இருந்தோம். குரங்கு என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

அதனால் குரங்கு இல்லாத ஒரு சொல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 'பெருங்குரங்கு', 'பேரினக் குரங்கு' என்று எழுதியிருந்தவர்கள் மன்னிக்க வேண்டும், அவை இதே காரணத்தால் உதவாது.

பழஞ்சொல்லை மீட்கலாம் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். தொல்காப்பியம் மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறதே, ஊகத்தை எடுத்து 'பேரூகம்' ஆக்கலாமே என்றார். படித்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இது காதால் கேட்கிற நிகழ்ச்சி. 'ஆப்பிரிக்கக் காடுகளில் பேரூகங்கள் குறைந்து வருகின்றன' என்றால் கேட்கிறவர் யூகம், வதந்தி என்றுதான் எடுத்துக்கொள்வார். எழுத்தில் அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்கலாம், பேச்சில் அதற்கு வழி இல்லை.

இன்னொரு யோசனை மலாய் மொழியிலிருந்து வந்தது. ஒராங் என்றால் ஆள், ஊத்தான் என்றால் காடு. எங்கள் ஐயா சுமத்ராவில் மேடானில் கிட்டங்கியில் இருந்தவர், சின்ன வயதில் எனக்கு இந்தப் பொருளைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அதை ஒட்டி 'காட்டாள்' என்று வைக்கலாம் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அந்த மொழியில் அது மரியாதை. இங்கே 'காட்டான்' என்பது வசவு. பொருளைப் பெயர்த்தால் வசவும் ஒட்டிக்கொண்டு வரும். 'ஆளினம்' வைத்து 'பேராள்', 'சிற்றாள்' என்று பிரிக்கலாம் என்றதும் அப்படித்தான். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்களின் பெயரை ஒரு விலங்குக்கு வைக்க என்னால் முடியாது.

என் பரிந்துரை: ஏப் என்பதற்கு 'வாலிலி'. முதுகெலும்பிலி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம், அதே வார்ப்புதான். 'வாலில்லாக் குரங்கு' என்பதும் பாடப்புத்தகத்தில் பழகியதே. அதிலிருந்து குரங்கை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். கொரில்லா முதலிய நாலும் 'பெரிய வாலிலிகள்', கிப்பன்கள் 'சிறிய வாலிலிகள்'. அசாம் பக்கம் இருக்கிற ஹூலக் கிப்பன் அப்படி ஒரு சிறிய வாலிலி, இந்தியாவில் காட்டில் வாழும் வாலிலி அது மட்டும்தான்.

இரண்டையும் ஒட்டி 'பெருவாலிலி' ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெருவால் இல்லாதது, அதாவது குட்டை வால் உள்ளது என்று பிரிந்துவிடும். தனித்தனியாகவே இருக்கட்டும்.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது, அதில் நாமும் அடங்குவது. 'மனிதனும் ஒரு மனிதக் குரங்கு' என்று சொல்லிப் பாருங்கள், குழப்பம்தான். 'மனிதனும் ஒரு வாலிலி' என்றால் யாரும் தம் முதுகைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். கொரில்லாவைப் பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் போட்டுச் சில மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், நம் சளிகூட அவற்றுக்குத் தொற்றி உயிரை எடுக்கும் என்று நாலாம் பகுதியில் வருகிறது. ஏன் தொற்றுகிறது என்பதற்கு அந்த இடத்தில் விளக்கமே தேவைப்படாது. நம்மைச் சேர்க்காமல் சொல்ல வேண்டிய இடத்தில் 'நம்மைத் தவிர்த்து' என்று ஒரு முறை சொல்லிக்கொள்ளலாம்: நம்மைத் தவிர்த்துப் பெரிய வாலிலிகள் நாலு வகையிலும் சேர்த்து 7 இனம், ஏழுமே அழியும் ஆபத்தில் இருப்பவை.

தடைகள் எனக்கும் தெரிகின்றன. தவளைக்கும் வால் இல்லை. ஆனால் தவளையை நாம் தவளை என்றுதானே சொல்வோம். காதுக்கு 'வாலி' போல இருக்கிறதே என்பது சரியான கேள்வி. ராவணனை வாலில் கட்டிக்கொண்டு போன வாலியை எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு வால்தான் பெருமை, இதற்கு வால் இல்லை என்று முதல் தடவை ஒரு வரி சொல்லிவிட்டால் மறக்காது என்று நினைக்கிறேன்.

மற்றச் சொற்கள் சீக்கிரம் முடியும். கொரில்லாக் கூட்டத்தின் முதிர்ந்த ஆணுக்கு 'வெள்ளிமுதுகன்', யாரும் மறுக்கவில்லை. விரலை மடக்கி ஊன்றி நடப்பதற்கு 'விரற்கணு நடை'. கரும்புக்குக் கணு உண்டு என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெயருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனபோது சிம்பன்சிகளுக்கு எண் போடாமல் பெயர் வைத்தார். பிறகு கேம்பிரிட்ஜில் அது தவறு என்று சொன்னார்கள், அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கறையான் புற்றுக்குள் புல்தண்டை விட்டுக் கறையானை எடுத்துத் தின்ற சிம்பன்சியை இன்றும் டேவிட் கிரேபியர்ட் என்ற பெயரில்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

சனிக்கிழமை பதிவு. 'வாலிலி'யை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், முடிந்தால் வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லிக் காட்டி அவர்களுக்கு என்ன கேட்டது என்றும் எழுதுங்கள். நான் வெள்ளிக்கிழமை ஆச்சியிடம் மறுபடி போட்டுக் காட்டுகிறேன்.