வளைவாழ் கிரேஃபிஷ்கள்: முதல்நிலை, இரண்டாம் நிலை என்பவை வகைப்பாட்டு அலகுகளா?

கேள்வி:
இறாலையொத்த நன்னீர் ஓட்டுடலிகளான கிரேஃபிஷ்களைப் பற்றிய கட்டுரைகளில் முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை வளைவாழிகள் (மண்ணில் வளை தோண்டி வாழ்பவை) என்ற பிரிவுகள் அடிக்கடி வருகின்றன. இவை குடும்பம், பேரினம் போன்ற வகைப்பாட்டு அலகுகளா, வாழும் முறையை மட்டும் குறிப்பவையா? முதல்நிலை வளைவாழிகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பதால், அவை ஒரே கிளையில் வந்தவையோ என்ற ஐயமும் எழுகிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வாழும் முறையை மட்டுமே குறிப்பவை. புளோரிடாவின் கிரேஃபிஷ்களை ஆராய்ந்த ஹார்ட்டன் ஹாப்ஸ் 1942-இல் இந்தப் பாகுபாட்டை முன்வைத்தார். ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் வளையில் கழித்து, இரைக்காகவும் இணைக்காகவும் மட்டும் வெளியே வருபவை முதல்நிலை. பெரும்பாலும் வளையில் இருந்தாலும் மழைக்காலத்தில் திறந்த நீருக்குச் செல்பவை இரண்டாம் நிலை. ஓடையிலோ குளத்திலோ வாழ்ந்து, நீர் வற்றும்போதோ முட்டை சுமக்கும்போதோ மட்டும் தோண்டுபவை மூன்றாம் நிலை. ஒரே பேரினத்திலேயே இந்த வேறுபாடு காணப்படுகிறது: புரோகாம்பரஸ் கிராசிலிஸ் புல்வெளி நிலத்தில் வாழும் முதல்நிலை வளைவாழி, அதன் பேரினத்தைச் சேர்ந்த புரோகாம்பரஸ் கிளார்க்கியோ பெரும்பாலும் மூன்றாம் நிலையில்தான் வைக்கப்படுகிறது.

உறவுமுறை வேறு கணக்கு. வடகோளத்தில் அஸ்டாசிடே, காம்பரிடே, காம்பராய்டிடே ஆகிய குடும்பங்களும், தென்கோளத்தில் பாராஸ்டாசிடே என்ற ஒரே குடும்பமும் உள்ளன. ஆகவே அமெரிக்காவின் காம்பரிடே பேரினமான கிரியாசெரினஸும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, விக்டோரியா பகுதிகளில் வாழும் பாராஸ்டாசிடே பேரினமான எங்கேயஸும் எவ்வளவு ஒத்த வாழ்க்கை வாழ்ந்தாலும் நெருங்கிய உறவினங்கள் அல்ல.

மறுமொழி 2:
ஆஸ்திரேலியாவில் ஹார்விட்ஸும் ரிச்சர்ட்சனும் 1986-இல் விலங்கை விடுத்து வளையையே வகைப்படுத்தினர். நிரந்தர நீர்நிலையோடு தொடர்புடையது முதல் வகை; நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடுவது இரண்டாம் வகை; நீர்மட்டத்தை எட்டாமல், மேற்பரப்பில் வழிந்து வரும் மழைநீரை மட்டும் நம்பியிருப்பது மூன்றாம் வகை. எண்கள் ஒன்றுபோல் தோன்றினாலும் பொருள் ஏறத்தாழத் தலைகீழானது. ஹாப்ஸின் மூன்றாம் நிலையையும் இந்த மூன்றாம் வகையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். என் கருத்தில், ஒரு விலங்கின் வாழ்நாள் பழக்கத்தை முழுமையாக அறிவது கடினம் என்பதால், களப்பணிக்கு இந்த முறையே பொருத்தமானது.

உடலமைப்பின் ஒற்றுமை பலரை ஏமாற்றுகிறது. வட அமெரிக்க முதல்நிலை இனங்களில், முதுகோட்டில் இரு செவுள் அறைகளுக்கும் நடுவிலுள்ள பட்டை மிகக் குறுகியோ அறவே மறைந்தோ இருக்கும். அந்த அளவுக்குச் செவுள் அறை விரிவதால், ஆக்சிஜன் குறைந்த நீரிலும் ஈரக்காற்றிலும் அவற்றால் சுவாசிக்க முடிகிறது. வாலை மடித்துப் பின்னோக்கிப் பாயும் தேவை வளைக்குள் குறைவு என்பதால் வயிற்றுப்பகுதியும் சிறுத்திருக்கும். இதையொத்த மாற்றங்கள் தென்கோள இனங்களிலும் தனியே தோன்றியுள்ளன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வளை வாயிலில் எழும் மண் கோபுரத்தைக் கொண்டு இனத்தை அறிய முடியுமா? இவற்றின் பரவலையும் சற்று விளக்குங்கள்.

மறுமொழி 3:
முடியாது. தோண்டிய சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து வாயிலைச் சுற்றி அடுக்குவதால் எழுவதே அந்தக் கோபுரம். அதன் உயரமும் வடிவமும் மண்ணையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். மழை பெய்தால் கரைந்தும் போகும்.

கிரேஃபிஷ் இனங்கள் மிகச் செறிந்துள்ள பகுதி அமெரிக்காவின் தென்கிழக்கு. அடுத்தது தென்கிழக்கு ஆஸ்திரேலியா. மடகாஸ்கர், நியூசிலாந்து, தென் அமெரிக்கா ஆகிய இடங்களிலும் பாராஸ்டாசிடே உண்டு. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் இயல்பான இனம் ஏதும் இல்லை. ஆப்பிரிக்காவில் இன்று காணப்படுபவை மனிதர் கொண்டுசென்றவை.

பழைய பரவல் வரைபடங்களைப் பயன்படுத்தும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. வட அமெரிக்க வளைவாழியான காம்பரஸ் டையோஜெனிஸ் என்ற ஒற்றைப் பெயரில் பதிவானவற்றுள் பல இனங்கள் கலந்திருந்தன. அவற்றுள் ஒன்று 2005-இல் காம்பரஸ் பாலிகுரோமேட்டஸ் என்று தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2018-இல் அந்தக் குழுவே லாகுனிகாம்பரஸ் என்ற தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. எனவே பழைய பெயரில் உள்ள பதிவுகளை, அருங்காட்சியக மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எந்த இனத்தின் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.