எடிட்டரின் டூல்பாரையும் மெனுவையும் உங்கள் வேலைக்கு எப்படி மாற்றிக்கொண்டீர்கள்?

மெய்ப்புப் பார்ப்பவர்:

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) போட்டு, வந்த உரையைத் திருத்துவது என் வேலை. நாள் முழுக்க நோட்பேட்++ என்ற எடிட்டர் திறந்தே இருக்கும். நல்ல கருவிதான், ஆனால் நிரல் எழுதுகிறவர்களுக்காக வந்தது. ரைட் கிளிக் செய்தால் 'எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கு', 'சிறிய எழுத்தாக்கு', 'கமென்ட் ஆக்கு' என்று வரிசையாக வந்து நிற்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது, சிறிய எழுத்து ஏது?

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பிழை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல். "தம்பி, எனக்கு வேண்டியது எங்க இருக்குன்னு தேடியே கண்ணு வலிக்குது"என்று ஒருநாள் சொன்னார். அவருக்காகத்தான் மெனுவில் கை வைத்தேன்.

செட்டிங்ஸ் மெனுவிலேயே பாப்அப் மெனுவைத் திருத்த ஒரு வழி உண்டு. அழுத்தினால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு திறக்கும். ஒரு வரி என்றால் மெனுவில் ஒரு இனம் (ஐட்டம்). வரிகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் மெனுவிலும் வரும். வேண்டாத வரியை அழித்தால் அந்த இனம் போய்விடும். ஐடி 0 என்று ஒரு வரி போட்டால் நடுவே பிரிகோடு விழும். சேமித்த பிறகு நோட்பேட்++ஐ மூடித் திறக்க வேண்டும், அப்போதுதான் மாற்றம் தெரியும்.

தமிழர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். நோட்பேட்++இல் தமிழ் இடைமுகம் உண்டு. ஆனால் அதை வைத்திருந்தாலும், இந்தக் கோப்புக்குள் மெனுவின் பெயரையும் கட்டளையின் பெயரையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். திரையில் தெரிகிற தமிழ்ப் பெயரைப் பார்த்து எழுதினால் அந்த இனம் வேலை செய்யாது. ஒருமுறை இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, சரியான பெயரைக் குறித்துக்கொண்டு திரும்பி வரலாம். திரையில் என்ன பெயர் காட்ட வேண்டும் என்பதற்குத் அந்த வரியிலேயே தனியாக ஒரு பண்பு (அட்ரிபியூட்) இருக்கிறது. அதில் நம் விருப்பப்படி தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஐயாவின் மெனுவில் இப்போது 'வரிக்கடைசி வெற்றிடம் நீக்கு', 'இந்தச் சொல்லுக்கு நிறம் போடு', 'கொம்பு கால் சரிசெய்' என்று அவர் பேசும் மொழியிலேயே இருக்கிறது.

இதில் கடைசியாகச் சொன்னது நான் பதிவு செய்து வைத்த மேக்ரோ, அதாவது ஒரே அழுத்தில் ஓடும் கட்டளை வரிசை. காரணம் இதுதான். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் 'கொ' எழுத இரண்டு வழி உண்டு. 'க'வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேடும்போது எடிட்டர் இரண்டையும் வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். 'கொடி' என்று தேடினால் பாதி இடங்களில் கிடைக்காமல் போவது இதனால்தான். ஓகாரத்துக்கும் இதே கதை. தேடி மாற்றும் வேலையை மேக்ரோவாகப் பதிந்துவிட்டால் அதையும் ரைட் கிளிக் மெனுவில் சேர்க்க முடியும். ஐயா ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறந்த கையோடு முதலில் அதைத்தான் அழுத்துகிறார்.

ஔகாரத்தை மட்டும் வேண்டுமென்றே மேக்ரோவில் சேர்க்கவில்லை. 'கௌரவம்' என்பது ஓசிஆரில் 'கெளரவம்' என்று வரும். கொம்புக்குப் பிறகு ளகரம் நிற்கும். அதை எந்திரத்தனமாக மாற்றினால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் நாசமாகிவிடும். அதனால் அந்த இடங்களுக்கு நிறம் மட்டும் போட்டுவைக்கிறோம், முடிவை ஐயா எடுப்பார்.

டூல்பார் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிரிஃபரன்சஸில் பெரிய ஐகான்களைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். அதைவிட நல்ல வழி வேறு எடிட்டர்களில் இருந்தால் சொல்லுங்கள்.

பள்ளி ஆய்வகப் பொறுப்பாசிரியர்:

டூல்பாருக்கு கேட் எடிட்டரைப் பாருங்கள் சார். லினக்ஸில் கேடிஇ குழுவினர் தருவது. எங்கள் ஆய்வகத்தில் அதைத்தான் வைத்திருக்கிறோம். செட்டிங்ஸ் மெனுவில் டூல்பார்களை அமைக்கும் பெட்டி இருக்கிறது. இடப்பக்கம் கிடைக்கும் செயல்கள், வலப்பக்கம் இப்போது டூல்பாரில் இருப்பவை. நடுவில் உள்ள அம்புக்குறிகளால் அங்கும் இங்கும் நகர்த்தலாம். ஒரு பட்டனின் ஐகானையும் பெயரையும் மாற்றவும் அங்கேயே வசதி உண்டு.

மாணவர்களுக்கு நான் வைத்திருப்பது திற, சேமி, முன்செயல் நீக்கு, தேடு, இயக்கு என்று ஐந்தே பட்டன்கள். 'இயக்கு' என்பது எக்ஸ்டெர்னல் டூல்ஸ் என்ற ப்ளக்இன் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) வழியாகச் சேர்த்தது. அழுத்தினால் திறந்திருக்கும் பைத்தான் கோப்பு ஓடும். டூல்பார்மேல் ரைட் கிளிக் செய்து, ஐகானின் பக்கத்திலேயே எழுத்தும் தெரியும்படி வைத்துவிட்டேன். வெறும் ஃப்ளாப்பி படத்தைப் பார்த்து அதுதான் 'சேமி' என்று புரிந்துகொள்ள இன்றைய பிள்ளைகளால் முடியாது. ஃப்ளாப்பியை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. எழுத்து வந்ததும் "சார், சேவ் எங்க?" என்ற கேள்வி நின்றுவிட்டது.

கன்ட்ரோல்+எம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மெனுபாரையே மறைத்துவிடும். பிள்ளைகள் கைதவறி அழுத்திவிட்டு, சிஸ்டம் கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள். அதே விசையை மறுபடி அழுத்தினால் மெனு திரும்ப வந்துவிடும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவைப்பது நல்லது.

நிரலாளர்:

ஆசிரியர் சொன்ன ஐந்து பட்டன் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. சேர்ப்பதைவிடக் கழிப்பதில்தான் பலன் என்பது என் அனுபவமும்கூட.

நான் ஜிவிம் ஆள். விம் என்ற எடிட்டரின் ஜன்னல் வடிவம் அது. நிரல் எழுத மட்டும்தான். தமிழ் உரைக்கு அது சரிப்படாது, கொம்பும் காலும் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கும். ஜியுஐ ஆப்ஷன்ஸ் என்ற அமைப்பிலிருந்து பெரிய 'டி'யை எடுத்துவிட்டால் டூல்பார் மறையும், சிறிய 'எம்'மை எடுத்தால் மெனுபார் மறையும். நான் டூல்பாரை மட்டும் நீக்கிவிட்டு, மெனுபாரில் சொந்தமாக ஒரு மெனு வைத்திருக்கிறேன்.

ஏமெனு என்ற கட்டளையால் அதைச் சேர்க்கலாம். ஒவ்வொரு மெனுவுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. ஃபைல் 10, எடிட் 20, விண்டோ 70, ஹெல்ப் 9999. சிறிய எண் இடப்பக்கம் வரும். என் மெனுவுக்கு 80 கொடுத்தேன். விண்டோவுக்கும் ஹெல்ப்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. எண் கொடுக்காவிட்டால் விம் தானாக 500 என்று எடுத்துக்கொள்ளும். மெனுப் பெயரில் இடைவெளி வந்தால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும்.

சர்வரில் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் விம் திறக்கும்போது மெனுபாரே இருக்காது. அங்கும் விம்மின் கட்டளை வரியில் ஈமெனு என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டேப் விசையை அழுத்தினால் ஏற்றப்பட்டுள்ள மெனுக்களின் பெயர்கள் வரும். விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைத்த என் மெனுவும் அந்த வரிசையில் இருக்கும்.