பினாங்கு ஜெலுத்தோங்கில் தனியே இருக்கும் அம்மா: புலனத்தில் (வாட்ஸ்அப்) மணி அடிப்பதில்லை, அக்கம்பக்கத்திலும் பேச்சில்லை

செந்தூல்காரி:
அம்மாவுக்கு 76 வயது. அடுக்குமாடியில் 9ஆவது மாடி. முட்டி அறுவைக்குப் பிறகு கீழே இறங்குவதில்லை. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். புலனத்தில் அழைத்தால் பாதி நேரம் மணியே அடிக்கவில்லை என்கிறார். பக்கத்தில் சீனக் குடும்பம், எதிரே மலாய்க் குடும்பம். இருவரும் நல்லவர்கள்தான், அம்மாதான் கூச்சப்படுகிறார். எதை எப்படி ஏற்பாடு செய்யலாம்?

பிறைவாசி:
அக்கா, ஆண்ட்ராய்டு போன் என்றால் முதலில் பேட்டரி சேமிப்பைப் பாருங்கள். திரை அணைந்து கொஞ்ச நேரமானால் போன் புலனத்தைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். சியோமி, ஓப்போ, விவோவில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும். அதையும் திறக்காவிட்டால் போனை அணைத்துப் போட்டதும் மறுபடி அதே தொல்லை வரும்.

அடுத்து, புலனத்தின் பிரைவசியில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' ஓடுகிறதா பாருங்கள். மோசடி அழைப்புக்கு அது நல்லது, அணைக்க வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டார் எண்ணைச் சேமிக்காமல் விட்டால் அவர்கள் புலனத்தில் அழைத்தாலும் மணி அடிக்காது. 'டூ நாட் டிஸ்டர்ப்' தவறிப்போய்த் தட்டுப்பட்டிருந்தாலும் இதே கதிதான். உங்கள் எண்ணுக்கு நட்சத்திரம் போட்டு, நட்சத்திர எண்களுக்கு அதில் விலக்குக் கொடுங்கள்.

புலனம் இணையம் இருந்தால்தான் வேலை செய்யும். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் போய்விடும். அதனால் முதல் திரையில் உங்கள் எண்ணுக்குச் சாதாரண அழைப்புக் குறுக்குவழி ஒன்றைப் பெரிதாக வையுங்கள். பிரீபெய்டு என்றால் காலாவதித் தேதியை நீங்களே குறித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தே டாப்அப் போடுங்கள்.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்:
போன் சரியானாலும், அம்மா எடுக்காதபோது கதவைத் தட்ட ஆள் வேண்டும். அதற்கு அம்மா தினமும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்குள் கிரில் கதவில் ஒரு துணியைக் கட்டட்டும், இரவு 7 மணிக்கு அவிழ்க்கட்டும். காலை 9 மணிக்கும் துணி இல்லையென்றால் எதிர்வீட்டார் தட்டுவார்கள். பதில் வராவிட்டால் உங்களை அழைப்பார்கள். உங்கள் எண்ணையும் இந்த வரிசையையும் மலாயில் ஒரு அட்டையில் எழுதி, நீங்களே போய் இரண்டு வீட்டிலும் கொடுங்கள். 2021இல் கோவிட் ஊரடங்கில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வெள்ளைக்கொடி கட்டியபோது மொழி தெரியாதவர்கூட உதவிக்கு வந்தார்களே, கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்துக்கு அந்தப் பலம் உண்டு. வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம், சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று நினைத்துவிடுவார்கள்.

செந்தூல்காரி:
மாற்றுச் சாவி எதிர்வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அது போதும்தானே?

கமலா_பிரிக்பீல்ட்ஸ்:
கிரிலை அம்மா எப்படிப் பூட்டுகிறார் என்று பாருங்கள்மா. பூட்டை உள்பக்கமாக, சாவித்துளை சுவர்ப்பக்கம் திரும்பும்படி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து சாவி எட்டாது. கம்பி இடைவெளியில் கை நுழைந்து துளையைத் தொட வேண்டும். கொடுத்திருப்பது மரக்கதவுச் சாவி மட்டும்தானா, பூட்டுச் சாவியும் சேர்த்தா என்பதையும், எதிர்வீட்டாரை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லியே உறுதிசெய்யுங்கள். பூட்டு துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறைவாசி:
கதவு திறக்கவே முடியாவிட்டால் 999. ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு எல்லாம் அதே எண்தான். முழு முகவரியோடு புளோக், மாடி, வீட்டு எண்ணை அந்த அட்டையிலேயே எழுதிவிடுங்கள். அம்மாவுக்கு மனசு சரியில்லை என்றால் அரசின் உதவி எண்ணான தாலியான் காசே (Talian Kasih) 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்:
இன்னொன்று. "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று மட்டும் கேட்டால் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ரசத்துக்கு எவ்வளவு புளி, எப்போது இறக்குவது என்று அடுப்படியில் நின்றுகொண்டே கேளுங்கள். அம்மாவே திரும்ப அழைத்து எப்படி வந்தது என்று கேட்பார்.