சுதந்திர தின விடுமுறை: ராமேஸ்வரம் பக்கம் பிள்ளைகள் எங்கே குளிக்கலாம்?

மதுரைக்காரி:
ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள். மூட்டுவலி அம்மா, எட்டும் ஐந்துமாக இரண்டு வாண்டுகள், கடலைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றும் வீட்டுக்காரர். போன தடவை தனுஷ்கோடி முனையில் இருக்கும் அரிச்சல்முனையில் சின்னவன் காலை நனைத்ததுமே அலை இழுத்தது. ஒற்றைச் செருப்போடு போயிற்று. அம்மா இன்னும் அதைச் சொல்லியே திட்டுகிறார்.

உச்சிப்புளியான்:
அங்கே ஏன் தங்கச்சி இறக்கினீர்கள்? இப்போது தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் முரட்டு அலை, பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி. அதனால்தான் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். மார்கழியில் வாடைக்காற்று வந்தால் தலைகீழ். பேசாமல் பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். உச்சிப்புளியில் திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழலில் அம்மா உட்காரலாம். சின்னவன் கையை மட்டும் விடாதீர்கள்.

மண்டபத்து அக்கா:
தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தண்ணீர், தொப்பி அவசியம், அங்கே நிழலே கிடையாது.

மதுரைக்காரி:
சரி, அரியமான்தான். இவர் பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திப் புது ரயில் பாலத்தைப் படம் எடுக்கணுமாம்.

உச்சிப்புளியான்:
விடுமுறை நெரிசலில் அங்கே நிறுத்தினால் பின்னால் வருகிறவன் பாட்டனார் வரைக்கும் இழுப்பான். பாம்பனில் இறங்கி எடுக்கச் சொல்லுங்கள்.